கத்திரிப்பூ நிறத்தில் ஆறு பேர்

1

நான் நெதர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம் ஆகிறது. இதை நான் நினைவு வைத்திருக்கவில்லை. குடியேற்ற அலுவலகம்தான் கடிதம் போட்டு நினைவுபடுத்தியது. அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், புதிதாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுப்பது ஆளில்லை, இயந்திரம். கண்ணாடித் திரையில் ஒரு நீள்வட்டம் தெரியும், அதற்குள் முகத்தைப் பொருத்திக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன். முகம் கிடைக்கவில்லை என்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றேன். அப்போதும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் அதே பதில் வந்ததும் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் எழுந்து வந்து, தன் மேசை விளக்கைத் தூக்கி என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு முகம் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. அந்த அம்மாளுக்கு என்னைவிட வெட்கம். சிலருக்கு இப்படி ஆகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார்.

பரவாயில்லை என்று அவருக்கு மரியாதைப் பன்மையில் பதில் சொன்னேன். இந்த ஊர் மொழியிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ஆனால் இங்கே மேலதிகாரியையே நீ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பன்னிரண்டு வருடமாகியும் வாயில் வரவில்லை. பக்கத்து வீட்டு நான்கு வயதுப் பையனையே நீங்கள் என்று கூப்பிட்டு, என் மகள் யாழினியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

என் பிழைப்பு என்ன என்று அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. கேமராவில் வரும் படத்தைக் கணினி பார்த்துப் புரிந்துகொள்வதற்கான நிரல்களை வேகமாக ஓட்டும் ஒரு கணினி மொழியை உருவாக்குகிற குழுவில் நான் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கவிதாவிடம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். எவனோ நம் சென்னைப் பட்டினப்பாக்கத்துக் கறுத்த நிறத்தில் ஒரு ஆளையும் நிறுத்திப் பார்க்காமல் எழுதியிருக்கிறான், நானாக இருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டேன் என்றேன். இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

2

ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் தி.நகர் ஜவுளிக்கடையை வைத்துத்தான் விளக்குவேன். பெரிய கடையில் புடவையை எடுத்துக் காட்டுகிறவர் ஒருவர். பில் போடுகிறவர் வேறொருவர். நீங்கள் போய்ப் பணம் கட்டுவதற்குள் உங்கள் புடவை தனியாக வேறு வழியில் பேக்கிங்குக்குப் போய்விடும். வாசலில் ஒருவர் டோக்கன் பார்த்துப் பையைக் கொடுப்பார். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை. அதனால்தான் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தனை கூட்டமும் உள்ளே போய் வெளியே வர முடிகிறது.

கணினி படம் பார்ப்பதும் அப்படித்தான். ஒரு படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். யாருக்கு எந்தக் கட்டம், ஓரத்தில் இருப்பதைப் பக்கத்து ஆளிடம் எப்போது கேட்டுக்கொள்வது, இதையெல்லாம் நிரல் எழுதுகிறவர் யோசிக்கத் தேவையில்லாமல் மொழியே பார்த்துக்கொள்ளும். இந்த வேலைக்கான நேர்முகத்தேர்விலும் நான் ஜவுளிக்கடைக் கதையைத்தான் சொன்னேன். இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள் என்று கேட்டார்கள். என் அக்கா வேலை பார்க்கும் இடம் என்றேன். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அக்கா பெயர் அமுதா. என்னைவிட ஆறு வயது பெரியவள். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நான் படிக்க வேண்டும் என்று அவள் தி.நகரில் ஒரு பட்டுக்கடையில் சேர்ந்தாள். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அக்கா இன்றைக்கும் அதே கடையில், இரண்டாவது மாடியில், முகூர்த்தப் பட்டுப் பிரிவில் இருக்கிறாள். அந்தப் பிரிவில் ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் கத்திரிப்பூ நிறத்தில் யூனிஃபார்ம் புடவை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். உட்கார உரிமை உண்டு என்று சட்டமே வந்துவிட்டது. அதற்காகப் போட்ட ஸ்டூல்களில் இப்போது புடவைப் பெட்டிகள் இருக்கின்றன.

என் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் மேசை, பொத்தானை அழுத்தினால் மேலே எழும்பும். உட்கார்ந்தே இருப்பது உடம்புக்குக் கெடுதல் என்று நிறுவன மருத்துவர் தினம் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லியிருக்கிறார். பாதத்துக்கு மெத்தென்று ஒரு விரிப்பும் தந்திருக்கிறார்கள். இதை அக்காவிடம் நான் சொன்னதே இல்லை.

3

அக்காவுக்குப் புதன்கிழமை வார விடுமுறை. அவள் மதியம் சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிடும்போது இங்கே காலை பத்தரை, காபி நேரம். அட்டை புதுப்பித்த வாரத்துப் புதன்கிழமை வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும், தனக்கு இரண்டு மெமோ வந்திருப்பதாகச் சொன்னாள். பல வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள். மூன்றாவது வந்தால் முகூர்த்தப் பட்டிலிருந்து எடுத்துக் கீழே குடோனுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

காரணம் கேட்டேன். கடையில் புதிதாக கேமரா போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்குமாம். ஆறு பேரில் ஒருவர் பாத்ரூம் போகலாம், ஐந்து பேராவது எப்போதும் தெரிய வேண்டும். பத்து நிமிடம் குறைந்தால் பிரிவுக்கு மூத்தவளான அக்காவின் பெயரில் மெமோ. யூனிஃபார்ம் போட்டவர் உட்கார்ந்தால் அவர் பெயரில் தனி மெமோ.

"நாங்க எங்கியும் போவலடா. கல்யாணப் பார்ட்டி வந்துச்சு, மூணு பேரு பொடவைய மேல போட்டுக் காட்டிக்கினு இருந்தோம். அந்த நேரத்துக்குத்தான் மூணு பேரு ஆளே இல்லன்னு எழுதிக் குடுத்துக்கீறாங்க. அது கண்ணுக்கு இன்னாதான் தெரியுது?"

அவளுக்குப் புரியாதது எனக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டுக்கடையில் புடவையை மடித்தபடியே காட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். விற்கிற பெண் அதைப் பிரித்து, கொசுவம் பிடித்து, தன் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். அக்கா அதில் கெட்டிக்காரி. அவள் மேல் பார்த்த புடவையைத்தான் பெண்வீட்டார் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போட்டுக்கொள்ளும்போது யூனிஃபார்ம் மறைந்துவிடும். கேமரா கத்திரிப்பூ நிறத்தை மட்டும் எண்ணுகிறது. வேலையை நன்றாகச் செய்கிற நேரத்தில்தான் அவள் அதற்குத் தெரியாமல் போகிறாள்.

மெமோ வந்ததிலிருந்து புடவையைத் தன் மேல் போட்டுக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னாள். மேசையில் விரித்துக் காட்டுகிறாளாம். வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்களாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. மெமோவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

4

அக்கா மெமோவைப் படம் எடுத்து அனுப்பினாள். அடியில் கேமரா நிரலைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் தொலைபேசி எண் இருந்தது. தேனாம்பேட்டையில் நான்கு பேர் நடத்தும் சின்ன அலுவலகம். அதன் பொறுப்பாளர் சுபாஷினி என்ற பெண்மணி எடுத்தார். சண்டை போடுகிற உத்தேசத்தில்தான் பேச்சைத் தொடங்கினேன். பெயரைச் சொன்னதும் அந்தம்மாவின் குரலே மாறிவிட்டது.

"சார், நீங்களா? மொழியோட கையேட்டுல உங்க பேரைப் பார்த்திருக்கோம். உங்க மொழியிலதான் சார் எழுதியிருக்கோம். அதோட கையேட்டுல யூனிஃபார்ம் போட்டவங்களை எண்ணுற உதாரணம் ஒண்ணு இருக்கே, அதை அப்படியே எடுத்துப் போட்டோம். அவ்வளவு சின்ன மெஷின்ல அவ்வளவு வேகம் வேற எதுலயும் வரலை சார்."

அந்த உதாரணத்தை எழுதியது நான்தான். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு எளிதாக ஒன்று வேண்டும் என்று ஒரு மதியம் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பிட்ட நிறம் எவ்வளவு இருக்கிறது என்று பார், எல்லாவற்றையும் கூட்டு, ஆள் எண்ணிக்கை வந்துவிடும். முந்தின நொடியில் அங்கே யார் இருந்தார்கள் என்று எந்தக் கட்டத்துக்கும் நினைவிருக்காது. நினைவு வைத்தால் வேகம் குறையும், உதாரணமும் சிக்கலாகிவிடும் என்று விட்டுவிட்டேன். யூனிஃபார்ம் என்று ஏன் தோன்றியது என்று இப்போது யோசித்தால், அக்கா கடையின் ஆறு பேரும்தான் மனதில் வந்திருப்பார்கள். அவர்கள் தோளில் புடவை போட்டுக் காட்டுவார்கள் என்பது மட்டும் எப்படி வராமல் போனது என்று தெரியவில்லை. சின்ன வயதில் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும்போது நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

சண்டை போடுகிற யோக்கியதை எனக்குப் போய்விட்டது. தவறு உதாரணத்தில் இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்றேன். அதை எழுத்திலும் கொடுத்தேன். இரண்டு நாள் விடுப்புப் போட்டு உட்கார்ந்தேன். கட்டங்களுக்கு நினைவு கொடுத்தேன். ஒருவர் யூனிஃபார்மில் பிரிவுக்குள் வந்துவிட்டால், பிறகு மேலே எந்த நிறம் வந்தாலும் அவர் அவர்தான். ஒரு கட்டத்திலிருந்து நகர்ந்தால் பக்கத்துக் கட்டம் அவரை வாங்கிக்கொள்ளும். வேகமும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன், சனிக்கிழமை கடையில் போட்டுவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு நாளைப் போல நான் சந்தோஷமாக வேலை செய்து பல வருடமாகியிருந்தது.

அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

5

அடுத்த புதன்கிழமை அவள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை நான் கூப்பிட்டேன். மெமோ நின்றுவிட்டதா என்று கேட்டேன். தனக்கு நின்றுவிட்டது என்றாள். இப்போது தோளில் போட்டுக் காட்ட முடிகிறதா என்றேன். முடிகிறது என்றாள். அப்புறம் ஏன் ஒரு மாதிரியாகப் பேசுகிறாய் என்று கேட்டபோதுதான் சொன்னாள்.

அவள் பிரிவில் சகாயமேரி என்று ஒரு பெண். சாந்தோம் குப்பத்துக்காரி, முப்பது வயதிருக்கும், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே வீங்கிவிடும். புடவை போட்டுக்கொண்டால் கேமராவுக்குத் தெரிவதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். மதியம் கூட்டம் குறைந்ததும் ஒருத்தி மட்டும் ஒரு புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் ஸ்டூலில் பத்து நிமிடம் உட்கார்ந்துகொள்வாள். கேமராவுக்கு அவள் வாங்க வந்தவள். மீதி ஐந்து பேர் கணக்குக்குச் சரியாக நிற்பார்கள். அப்புறம் அடுத்தவள் முறை. இரண்டு மாதமாக அப்படித்தான் நாளை ஓட்டியிருக்கிறார்கள். அக்காவும் அதில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் திருத்தியதைக் கடையில் போட்ட சனிக்கிழமையே சகாயமேரிக்கு முதல் மெமோ. திங்கட்கிழமை இரண்டாவது. உட்காராமல் இருந்து பார்த்தாள், முடியவில்லை, வியாழக்கிழமை மூன்றாவது வந்துவிட்டது. குடோனில் போய்க் கட்டுத் தூக்கச் சொன்னார்கள். ஒரு நாள் தூக்கிவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

திருத்தியது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து இதைக் கண்டுபிடித்தவரே சரிசெய்து கொடுத்துவிட்டார் என்று ஃப்ளோர் மேனேஜர் என் பெயரோடு சொல்லிப் பெருமைப்பட்டாராம்.

"என்னை ஒரு வார்த்த கேட்டியாடா நீ? நா மெமோ வருதுன்னு சொன்னேன். சரி பண்ணுன்னு சொன்னேனா? அங்க நின்னுகினு கீறவங்கள கேக்காம நீ எப்டி சரி பண்ணுவ?"



6

சுபாஷினியைக் கூப்பிட்டுப் பழையதையே திரும்பப் போடச் சொன்னேன். அந்தம்மா தயங்கினார். பழையது தவறு என்று நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை அண்ணாச்சியிடம் காட்டித்தான் புதியதைப் போட்டார்களாம். இப்போது சரியாக இருப்பதை எடுத்துவிட்டுத் தவறானதைப் போடுகிறேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

வீட்டில் இதைப் பற்றி நானும் கவிதாவும் பேசிக்கொண்டிருந்ததை யாழினி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசினால் பாதி இந்த ஊர் மொழி. அத்தையோடு பேசச் சொன்னால் நலமா என்பதோடு போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தி.நகர் என்பது அவளுக்கு வெயிலும் நெரிசலும் மட்டும்தான். அவள் என்னிடம் வந்து, அத்தை உட்கார்ந்தால் யாருக்கு என்னப்பா நஷ்டம் என்று கேட்டாள். கடை ஒழுங்கு, வாடிக்கையாளருக்கு மரியாதை என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற அக்காக்கள் எல்லோரும் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள் என்றாள். ஆமாம் என்றேன். பன்னிரண்டு வருடமாக அந்த வரிசையில் நிற்கிறேன், அவர்கள் உட்கார்ந்திருப்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

அடுத்த முறை அக்காவிடம் வேறு எதுவும் சொல்லாமல், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. முன்பே யோசித்து வைத்திருந்தாள்.

"எங்கள எண்ணாதீங்க. வந்துட்டு யாரும் கவனிக்காம நின்னுகினு கீற கஸ்டமர எண்ணுங்க. அப்டி ஒருத்தர் நின்னா எங்களுக்கு மெமோ குடு, வாங்கிக்கிறேன். யாரும் நிக்கலன்னா நாங்க உக்காந்தா உனுக்கு இன்னா?"

இருபது பேர் கொண்ட என் குழுவில் யாருக்கும் இது தோன்றவில்லை. அண்ணாச்சிக்கு அதைத் தமிழில் கடிதமாக எழுதினேன். தமிழில் கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது, நான்கு தடவை கிழித்துப் போட்டேன். நான் எழுதிய நிரலுக்கு ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும், அவர் வேலை செய்கிறாரா என்று தெரியாது, தெரியும் என்று உங்களை நம்பவைத்தது என் தவறு என்று எழுதினேன். அக்கா சொன்னதை அக்கா சொன்னதாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா அதை எடுத்துக்கொண்டு கேஷ் கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் அவர் அறைக்குப் போயிருக்கிறாள். வேலை கேட்டு வந்த நாளை விட்டால், அத்தனை வருடத்தில் அவளாக அங்கே போனது அது ஒரு தடவைதானாம். அண்ணாச்சி கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். உன் தம்பி நன்றாகப் படித்தவன்தான், ஆனால் பட்டு விற்றதில்லை, இதை முதலிலேயே நீ வந்து என்னிடம் சொல்லியிருக்கலாமே தாயி என்றாராம். மெமோ கொடுத்த பிறகு எப்படி அண்ணாச்சி வந்து சொல்வது என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்த வாரமே சுபாஷினி வந்து அக்கா சொன்னபடியே மாற்றிவிட்டுப் போனார். ஸ்டூல்களின் மேல் இருந்த பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். சகாயமேரி வந்தால் பழைய இடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வேண்டியது நீதான் என்று அக்கா அவளுடைய போன் எண்ணை எனக்கு அனுப்பினாள்.

7

கூப்பிடுவதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். கைரேகை கொடுத்த அட்டை வந்து அதைப் போய் வாங்க வேண்டியிருந்தது, அலுவலகத்தில் வேலை இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே விடிவதற்கு முன்பே, அங்கே காலை வேளையில், சகாயமேரியைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை ஒன்று தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அமுதாவின் தம்பி என்றதும் சாப்பிட்டீர்களா, அங்கே குளிரா என்று கேட்டாள். கேமராவில் நடந்ததைச் சொன்னேன். எழுதியது நான், திருத்தியதும் நான், அதனால்தான் உங்களுக்கு வேலை போனது என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் குழந்தையிடமிருந்து தட்டை வாங்கி வைத்த சத்தம் கேட்டது.

அண்ணாச்சி திரும்ப வரச் சொல்கிறார், இப்போது உட்காரலாம், உங்களை யாரும் எண்ண மாட்டார்கள் என்றேன். பாண்டி பஜார் பக்கம் வேறொரு கடையில் போன வாரமே சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். ரெடிமேட் பிரிவு. சேர்த்துவிட்டவர்களுக்கு வார்த்தை கொடுத்தாகிவிட்டது, உடனே விட முடியாது என்றாள். அங்கே உட்கார விடுகிறார்களா என்று கேட்டேன்.

"இன்னும் தெரிலண்ணா. புதுசுதான? அங்கியும் மேல ஒண்ணு மாட்டிக்கீறாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். "அதுவும் உங்களுதாண்ணா?"

அந்த மொழி இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பழைய உதாரணம் அதில் மூன்று வருடம் இருந்தது. தெரியாது என்று அவளிடம் சொன்னேன்.